புண்ணை மூடாதீர்கள், வாயை மூடுங்கள்



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் எங்களுக்குப் போதும். கோபத்தில் எழுதுகிறோம் என்று சொல்வீர்கள். ஆம், கோபத்தில்தான் எழுதுகிறோம். நோய் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே மூன்று வாரமாக அடக்கி வைத்த கோபம் இது.

எங்கள் வாப்பாவின் பிடரியில் பன்னிரண்டு வருடமாக ஒரு கட்டி இருந்தது. பாக்கு அளவு. நோவு இல்லை, வளரவும் இல்லை. ஊரில் இதைக் கொழுப்புக்கட்டி என்போம். உண்மையில் அதற்குள் கொழுப்பு இல்லை. தோலின் மேற்படை உள்ளுக்குள் போய் ஒரு சின்னப் பையாகிவிடுகிறது. நம் தோல் நாளாந்தம் உதிர்க்கிற செதில் வெளியே போக வழியில்லாமல் அந்தப் பைக்குள்ளேயே சேர்ந்து, வெள்ளையாக, களியாக, கெட்ட நாற்றத்தோடு கிடக்கும். அதைச் சும்மா விட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

நாம் எதைச் சும்மா விட்டோம்? முடி வெட்டப் போன இடத்தில் ஒருவர் "ஹாஜியார், இத ஒரு நசுக்கு நசுக்கி விட்டாச் செரி" என்றார். வாப்பாவும் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டு வந்தார். வெளியே கொஞ்சம் வந்தது, உள்ளே பை கிழிந்தது. நாலாம் நாள் பிடரி முழுக்கச் சிவந்து, ருகூஉக்குக் குனிய முடியாமல், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சீழ் வைத்துவிட்டது.

விறைப்பு ஊசி போட்டுக் கீறினார்கள். பத்து நிமிடம்கூட இல்லை. சீழை வெளியேற்றிக் கழுவி, கோஸ் துணியைத் திரி மாதிரி உள்ளே வைத்து, மேலே கட்டுப் போட்டு அனுப்பினார்கள். தையல் போடவில்லை. டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: இப்போது பழுத்திருப்பதால் பையை முழுதாக எடுக்க முடியாது, சீழை மட்டும் எடுத்திருக்கிறோம், எல்லாம் ஆறி ஒன்றிரண்டு மாதம் போனபின் வாருங்கள், பையை எடுப்போம், எடுக்காவிட்டால் இது திரும்ப வரக்கூடும். மருந்து கட்டும் அறையில் இருந்த மிஸ் அதைவிடத் தெளிவாகச் சொன்னார்: "வாய் மூடப்படாது. அடியிலிருந்துதான் நிரம்பி வரோணும். மேல் தோல் முந்தினா உள்ளுக்குத் திரும்பச் சீழ் கட்டும்."

இந்த மூன்று வசனத்தையும் விளங்கிக்கொள்ள டிகிரி தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மூன்று நாளுக்குள் இந்த மூன்று வசனத்துக்கும் எதிராக ஊர் முழுக்கத் திரண்டு வந்தது.

முதலில் வந்த மாமி கேட்டது, "என்னகா, தைக்காம அனுப்பிட்டாங்களா?" தைக்காமல் விட்டது டொக்டரின் கவலையீனம் என்று அந்த நிமிடமே வீட்டில் முடிவாகிவிட்டது. அடுத்து வந்தவர் மஞ்சள் சொன்னார். அதற்கடுத்தவர் கோப்பித் தூள். பக்கத்து வீட்டுக் காக்கா பாமசியில் அஞ்சு கெப்சூல் வாங்கி வந்து, அதை உடைத்துத் தூளைப் புண்ணுக்குள் போடச் சொன்னார். ஒருவர் கட்டே போடாதே, காற்றுப் படட்டும், காயட்டும் என்றார். ஒருவர் கடலில் குளிக்கச் சொன்னார். ஒருவர் பழைய பாயை எரித்த சாம்பலைச் சொல்லி, அதற்கு ஹதீஸும் சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னது பத்தியம்: முட்டை கூடாது, மீன் கூடாது, இறைச்சி கூடாது, எல்லாம் கிரந்தி, சீழ் வைக்கும். நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஏழு நாளில் பதினேழு வைத்தியம். அந்தப் பதினேழு பேரில் புண்ணைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இந்தப் பதிவில் முதல் குற்றவாளி அவர்கள் இல்லை. நாங்கள்தான். ஏனென்றால் நாங்கள் கேட்டோம்.

கட்டு மாற்றியது எங்கள் தங்கச்சி. வாப்பா அவளுடைய வீட்டில்தான் இருக்கிறார். நம்முடைய பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண் பிள்ளைக்கு வீடு, வாப்பாவும் உம்மாவும் கடைசியில் அந்த வீட்டில். ஆகவே புண்ணும் அவளுக்கு என்று எழுதி வைத்த மாதிரி. நாங்கள் ஆண் பிள்ளைகள் மூன்று பேர் வாசல் கதிரையில் இருந்து வந்தவர்களோடு கதைத்தோம். ஆறாம் நாள் உம்மா அழுதுகொண்டு சொன்னா, "ஓட்டைக்குள்ள துணிய வெச்சா எப்பிடிகா ஆறும்?" தங்கச்சிக்கும் அந்தத் திரியை வைக்கும்போது கை நடுக்கம். வாப்பா பல்லைக் கடிப்பார், அவளுக்குக் கண்ணீர் வரும். எல்லோருமாகச் சேர்ந்து, "ரெண்டு நாளைக்கி விட்டுப் பாப்பம்" என்றோம். திரி இல்லை, கழுவல் இல்லை, மேலே மஞ்சள்.

இரண்டே நாளில் வாய் அழகாக மூடியது. பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் இரவு வாப்பாவுக்கு நடுங்கிக்கொண்டு காய்ச்சல். சீனி 318. மஞ்சளுக்குக் கீழே பிடரி கல் மாதிரி. திரும்பவும் ஆஸ்பத்திரி, இம்முறை வாட்டில் தங்கி, தியேட்டரில், முந்தியதைவிடப் பெரிய கீறல். முதல் தடவை திரி வைத்த மிஸ்ஸைக் கண்டோம். அவர் ஒன்றும் ஏசவில்லை. மஞ்சளைத் துடைத்துக்கொண்டே, "யாரு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

சீழ் வைத்த இடத்தை ஏன் திறந்து விடுகிறார்கள் என்பதற்குக் காரணம் நுணுக்கமானது அல்ல. கிருமி இருந்த குழி அது. எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும். மேலே மூடினால் உள்ளே இருட்டு, சூடு, ஈரம், தீனி எல்லாம் கிருமிக்கு. திறந்து கிடந்தால் கசிவது வெளியே வடிந்துபோகும், கீழிருந்து சிவந்த புதுச் சதை மணல்மணலாக எழும்பி வரும், குழி ஆழம் குறையும், கடைசியாகத்தான் தோல் வந்து மூடும். அந்தச் சிவந்த ஈரமான சதையைப் பார்த்துத்தான் நம் சனம் "ஐயோ, பச்சைப் புண்" என்று அலறுவது. அந்தச் சிவப்புத்தான் சுகம். கழுவும்போது அதில் ஒரு துளி இரத்தம் வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. கட்டில் மெல்லிய மஞ்சள் நீர் ஊறியிருந்தால் அதெல்லாம் சீழ் என்று நினைக்கவும் வேண்டாம்.

இதை நம் கரையைவிட வேறு எந்தக் கரை விளங்கிக்கொள்ள வேண்டும்? 2004 டிசம்பர் 26 ஐ மருதமுனைக்கும் கல்முனைக்குடிக்கும் சாய்ந்தமருதுக்கும் யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். போன உயிர்களைப் பற்றி இருபது வருடமாகப் பேசுகிறோம், தப்பியவர்களின் காயங்களைப் பற்றிப் பேசியதில்லை. சேறும் மணலும் கடல் தண்ணியும் புகுந்த காயங்கள். அதே அலை அடித்த தாய்லாந்தின் தென்கரையில், அந்த அவசரத்தில் தைத்து மூடப்பட்ட காயங்கள் பல பழுத்து, திரும்பப் பிரிக்க வேண்டி வந்ததை அங்கு வேலை செய்த வைத்தியர்களே எழுதி வைத்தார்கள். யுத்த காயங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் செய்வதும் இதுதான். அழுக்கான காயத்தைத் துப்புரவாக்கித் திறந்து விடுவார்கள், நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் தைப்பார்கள். தைக்காமல் விடுவது கவலையீனம் இல்லை மாமி. அதுதான் கவனம்.

நம்மவர் பெருமை ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மீலாத் மேடைகளில், பேச்சுப் போட்டிகளில், நாங்களே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறோம்: கொர்டோபாவின் அஸ்ஸஹ்ராவி, 1013 அளவில் மௌத்தானவர், முப்பது பாகம் கொண்ட வைத்திய நூல், கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை, ஆயுதங்களைப் படம் வரைந்து காட்டினார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போய் ஐரோப்பாவே படித்தது. கைதட்டல். அந்தக் கடைசிப் பாகத்தில் சீழ்க் கட்டிகளைத் திறப்பது பற்றியும் அந்த மனிதர் எழுதினார். ஆயிரம் வருடம் கழித்து, அவர் பெயரைச் சொல்லிக் கப் வாங்கிய வீட்டில் நாங்கள் கோப்பித் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

மஞ்சளுக்கு வருவோம், ஏனென்றால் பின்னூட்டத்தில் மஞ்சள் நிச்சயம் வரும். "மஞ்சளுக்கு அமெரிக்காவே பேட்டன்ட் எடுத்தது சேர்" என்று எங்களிடம் சொன்ன தம்பி பட்டதாரி. எடுத்தது உண்மை. 1995 இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குக் காயத்துக்கு மஞ்சள் பாவிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. இந்தியா எதிர்த்து வழக்காட, 1997 இல் அது ரத்தானது. ரத்தானதற்குக் காரணம் இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் பாட்டிமார் செய்ததுதான் என்பது. அந்த வழக்கு மஞ்சள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. சீழ் எடுத்த குழிக்குள் கடை மஞ்சள் தூளைக் கொட்டலாமா என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. 2020 இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி விலை ஏறியபோது மாவைக் கலந்து விற்றதை மறந்துவிட்டீர்களா? கறிக்கே நம்பாத தூளை வாப்பாவின் பிடரிக்குள் போட்டோம். தூள் எதுவானாலும் புண்ணுக்குள் கட்டியாகி, கழுவினாலும் போகாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் விடாது. இது கோப்பித் தூளுக்கும் கெப்சூல் தூளுக்கும் பொருந்தும்.

கெப்சூல் இன்னும் மோசம். வாயால் குடிக்கச் செய்த மருந்தை உடைத்துப் புண்ணில் தூவுவது வைத்தியமே இல்லை. சீட்டு இல்லாமல் அஞ்சு வாங்கி, மூன்றைக் குடித்து, இரண்டைத் தூவி, நாம் கிருமிக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மட்டும் 2019 இல் உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மௌத்தானதாகக் கணித்திருக்கிறார்கள். சீழ் கட்டிய இடத்துக்கு முதல் மருந்து அதைத் திறந்து வடிய விடுவது. அன்டிபயோட்டிக் தேவையா, எது, எத்தனை நாள் என்பதை வெட்டியவர் சொல்வார். வாப்பாவுக்கு இரண்டாம் தடவை கொடுத்தார்கள், சீனி இருப்பதாலும் காய்ச்சல் வந்ததாலும். பக்கத்து வீட்டில் மிஞ்சியதைக் கொடுக்கவில்லை.

காற்றுப் பட்டுக் காயட்டும் என்பவர்களுக்கு: 1962 இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் காயம் செய்து பார்த்து, ஈரம் போகாமல் மூடி வைத்த காயத்தில் தோல், காய விட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்ததை எழுதினார். அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பொருக்குக் கட்டினால் சுகம் என்று நாம் இன்னும் நினைக்கிறோம். தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் குழம்ப வேண்டாம். புண்ணின் வாய் திறந்திருக்க வேண்டும், அதற்கு மேல் சுத்தமான கட்டு இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

கடல். உப்புத் தண்ணி கிருமியைக் கொல்லும் என்று கரைவலைக்காரர் முதல் கந்தோர் உத்தியோகத்தர் வரை சொல்கிறார்கள். கடல் தண்ணி கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணி இல்லை. வெதுவெதுப்பான கடலில் வாழ்கிற கிருமிகள் இருக்கின்றன, திறந்த புண் வழியாகப் புகுந்தால் சீனிக்காரருக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் உயிராபத்து. திறந்த புண்ணோடு தோணி ஏற வேண்டியவர் உண்டு, அவருக்கு வேறு வழியில்லை, அவர் நிலைமை வேறு. வேறு வழியுள்ள வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஏன் முக்க வேண்டும்?

பத்தியத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் எங்களுக்கு உண்மையிலேயே கை நடுங்குகிறது. புதுச் சதை எதனால் கட்டப்படுகிறது? புரதத்தால். முட்டை, மீன், இறைச்சி, பருப்பு, தயிர். நாம் என்ன செய்தோம்? கீரி மீன் மலிவாகக் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு மீனை நிறுத்தினோம், முட்டையை நிறுத்தினோம், மூன்று நேரமும் கஞ்சியும் பாணும் கொடுத்தோம். நோய் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த மேரி பிஸ்கட் பெட்டிகள் ஒரு பக்கம், ஹோர்லிக்ஸ் ஒரு பக்கம். ஆறுவதற்குத் தேவையானது ஒன்றும் இல்லை, சீனியை ஏற்றுவது எல்லாம் இருக்கிறது. சீனி ஏறினால் கிருமியோடு சண்டை பிடிக்கிற இரத்த அணுக்கள் சோர்ந்துபோகும், புண் ஆறுவது பிந்தும். 318 எங்கிருந்து வந்தது என்று நாங்கள் வாட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் இறால் தின்ன வேண்டாம். அது அவருடைய உடம்பு. அதற்காக ஊரில் உள்ள எல்லாப் புண்ணுக்கும் எல்லா மீனும் கூடாது என்றால் எப்படி?

சாம்பலுக்கு ஹதீஸ் சொன்னவருக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொன்ன ஹதீஸ் இருக்கிறது. உஹதில் நபியவர்கள் (ஸல்) காயப்பட்டபோது அலி (ரழி) தண்ணீர் கொண்டுவர, பாத்திமா (ரழி) கழுவினார்கள். கழுவக் கழுவ இரத்தம் கூடியதால் பாய்த் துண்டை எரித்துச் சாம்பலை வைத்தார்கள், இரத்தம் நின்றது. புகாரியில் வருகிறது. கவனித்துப் பாருங்கள். முதலில் தண்ணீர், கழுவல். அது பலிக்காதபோது, ஓடுகிற இரத்தத்தை நிறுத்த, போர்க்களத்தில் கையில் கிடைத்தது சாம்பல். வாப்பாவின் பிடரியில் இரத்தம் ஓடவில்லை, சீழ் இருந்தது. ஹதீஸில் உள்ள கழுவலை விட்டுவிட்டுச் சாம்பலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அது ஸுன்னாவைப் பின்பற்றுவதாகுமா?

காயத்தைப் பற்றி நமக்கு இன்னொரு ஹதீஸ் இருக்கிறது. அதை ஒருவரும் சொல்லவில்லை. அபூதாவூதில் ஜாபிர் (ரழி) அறிவிப்பது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர் குளித்தார், மௌத்தானார். செய்தி எட்டியபோது நபியவர்கள் அவர்களைக் கடிந்த கடிதல் சாதாரணமானது இல்லை. கொன்றுவிட்டார்கள் என்றே சொன்னார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் சொன்னார்கள். அந்தப் பயணிகள் கெட்டவர்களா? நல்லெண்ணத்தோடு, மார்க்கப் பற்றோடு, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னவர்கள். எங்கள் வாசல் கதிரைகளில் இருந்தவர்களும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்.

இதே இடத்தில் வுழூ விசயத்தையும் சொல்லிவிடுகிறோம். கட்டை அவிழ்த்து நனைத்து வுழூ எடுப்பவர்களும் இருக்கிறார்கள், புண் ஆறும் வரை தொழுகையையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. கட்டுக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நல்ல இடத்தைக் கழுவுவது, கட்டின் மேல் தடவுவது, தயம்மும் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கட்டு எந்த உறுப்பில், எப்படி என்பதைப் பொறுத்து விபரம் மாறும். பள்ளிவாசலில் ஆலிமிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், அஞ்சு நிமிடம் எடுத்தது.

பெண்களைப் பற்றியும் எழுத வேண்டும், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கட்டி பிடரியில் வந்ததால் வாப்பா காட்டினார். கக்கத்தில், மார்பில், முதுகுத் தண்டின் அடியில் வந்தால் நம் உம்மாமார், ராத்தாமார் காட்டுவதில்லை. பழுத்து உடையும் வரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சோறு ஆக்குவார்கள். வெட்டிய பிறகும் தினமும் கட்டு மாற்ற யாரிடம் காட்டுவது என்ற வெட்கத்தில் தானாகவே எட்டாத இடத்தில் துணியைத் திணிப்பார்கள். மருந்து கட்டும் அறைகளில் பெண் தாதியர் இருக்கிறார்கள். கல்முனையில் மட்டும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு வைத்தியசாலை என்று இரண்டு ஆதார வைத்தியசாலைகள். நிந்தவூரில், சம்மாந்துறையில், அக்கரைப்பற்றில் ஒவ்வொன்று. காசு வாங்குவதில்லை. பெண்ணுக்கு இல்லாமல் இருப்பது கூட்டிக்கொண்டு போகிற ஆள். காலையில் கட்டு மாற்றப் போக வேண்டும் என்றால் யார் சோறு ஆக்குவது, யார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்று வீடு கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் ஆண்கள்தான். நாட்கூலிக்குப் போகிறவருக்கும் தறியில் இருப்பவருக்கும் இதே கஷ்டம்: தினமும் வரிசையில் நின்றால் அன்றைய உழைப்புப் போச்சு. அதனால்தான் வீட்டில் மாற்றப் பழகச் சொல்கிறோம், வீட்டில் பழக்கியே அனுப்புங்கள் என்று மிஸ்மாரிடமும் கேட்கிறோம்.

பழகிவிட்டோம். இரண்டாம் தடவை வீட்டுக்கு வந்தபின் தங்கச்சியிடமிருந்து நாங்கள் மூன்று பேரும் முறை வைத்து எடுத்துக்கொண்டோம். எட்டாம் வகுப்புக்குச் "சுகாதாரமும் உடற்கல்வியும்" பாடத்தில் கை கழுவுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற எங்களுக்கு, கை கழுவாமல் கட்டை அவிழ்க்கப் போனதற்கு முதல் நாளே வாப்பாவிடம் ஏச்சு. இப்போது செய்வது இப்படி. அரை மணித்தியாலத்துக்கு முதல் இரண்டு பெனடோல் (டொக்டர் அனுமதித்தது), அது இல்லாமல் வாப்பாவுக்கும் வேதனை, நமக்கும் பதற்றம். அரை லீட்டர் தண்ணியில் தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்பு, நன்றாகக் கொதிக்க வைத்து மூடி ஆற வைப்போம், அன்றன்றைக்குப் புதிதாக. சவர்க்காரம் போட்டுக் கை கழுவல். ஒட்டிக்கொண்ட கோஸை இழுத்துப் பிய்க்காமல் உப்புத் தண்ணி ஊற்றி ஊற விட்டால் தானாகக் கழன்று வரும். முதல் தங்கச்சி அழுததெல்லாம் இது தெரியாமல் பிய்த்ததால்தான். ஊசி இல்லாத சிரிஞ்சால் குழிக்குள் தண்ணி பாய்ச்சிக் கழுவுவோம். ஸ்பிரிட் இல்லை, நுரை வருகிற பெரொக்சைட்டும் இல்லை, அவை கிருமியோடு புதுச் சதையையும் சேர்த்துச் சுடும். திரியை நனைத்து, பிழிந்து, தளர்வாக வைப்போம். தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைக்கக் கூடாது, ஒரு நுனி வெளியே தெரிய வேண்டும். மேலே காய்ந்த கோஸ், பிளாஸ்டர். திரும்பவும் கை. எல்லாமாக இருபது நிமிடம். எல்லாப் புண்ணுக்கும் திரி தேவையில்லை, சின்னதென்றால் வைக்காமலே விடுவார்கள். வைப்பதா, எத்தனை நாளைக்கு, எத்தனை தரம் மாற்றுவது என்பது உங்களை வெட்டியவர் சொல்வது, நாங்கள் சொல்வது இல்லை.

சிவப்பு எங்கே நிற்கிறது என்று பேனையால் சுற்றிக் கோடு போட்டு வைக்கச் சொன்னார் மிஸ். கோட்டைத் தாண்டிச் சிவப்புப் பரவினால், நோவு நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு சீழ் திரும்பினால், சிவப்புக் கோடுகள் ஓடினால், சீனி இறங்காமல் நின்றால், காலை வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். ஒன்பதாம் நாள் நாங்கள் இஷாவிலிருந்து ஸுப்ஹு வரை காத்திருந்தோம். யாரையோ கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாட்டு வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறோம் என்று சிலர் எழுதுவார்கள். பரம்பரையாகப் படித்த பரிகாரி ஒருவர் புண்ணைத் திறந்து பார்த்து, பொறுப்பெடுத்து, நாளைக்கும் வந்து பார்ப்பார். அவரோடு எங்களுக்கு வாதம் இல்லை. பாராமல் சொல்லி, தேத்தண்ணி குடித்து, எழும்பிப் போய், பிறகு வாட்டுக்கு மேரி பிஸ்கட் கொண்டுவருகிறவரோடுதான் வாதம்.

வாப்பாவின் குழி இப்போது சுண்டுவிரல் நகம் போகிற ஆழம்தான். சீனி நேற்றுக் காலை 142. இரண்டு மாதம் கழித்துப் பையை எடுக்கப் போக வேண்டும், திகதி எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். பார்க்க வர விரும்புகிறவர்கள் அஸருக்குப் பின் வாருங்கள், கட்டு மாற்றுவது அதற்கு முதல். ஹோர்லிக்ஸ் வேண்டாம், மேரி பிஸ்கட் இன்னும் ஆறு பெட்டி கிடக்கிறது, யாருக்கும் தேவையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் பத்து முட்டை, அல்லது ஒரு பக்கெட் கோஸ்.